முன் சீட்டில் ஏறியவர்

பேய்ப் பேச்சை யாராவது எடுத்தால் நடுவில் புகுந்து கெடுப்பதுதான் இத்தனை வருஷமாக என் தொழில். ஆபீஸில் ஒருவர், இறந்துபோன தன் மாமனார் இன்னும் தினம் ராத்திரி கூடத்தில் இருமுகிறார் என்று கண் கலங்கச் சொன்னபோது, "இருமல் மருந்து பாட்டிலை வெளியே வைத்துப் பாருங்கள், அளவு குறைகிறதா தெரிந்துவிடும்" என்று சொன்னவன் நான். அந்த மனிதர் இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. அதனால் இப்போது நானே இப்படி ஒன்றைச் சொல்ல உட்காரும்போது நீங்கள் எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பீர்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அந்த முகத்தை ரொம்ப நாள் நானே வைத்திருந்தேன். நம்பச் சொல்லவில்லை. எழுந்து டீ குடிக்கப் போகாமல் கேட்டால் போதும்.

இன்னொன்று. நடுராத்திரி, நாய் ஊளை, மல்லிகைப்பூ வாசம் என்று எதிர்பார்க்காதீர்கள். எனக்கு நடந்தது சாயங்காலம் நாலு மணிக்கு, ஜூன் மாத வெயிலில், கல்கத்தாவின் ஆகக் கூட்டமான சாலைகளில் ஒன்றில், கையில் மூன்று பொட்டலம் ஜால்முரியோடு, அதாவது இந்த ஊர் மசாலாப் பொரியோடு, நிற்கும்போது. பேயைப் பார்க்கிற ஆளுக்குக் கொஞ்சமாவது ஒரு கௌரவம் வேண்டாமா? எனக்கு அது கிடைக்கவில்லை.

மத்திய அரசு வேலையில் மாற்றலாகி இங்கே வந்தவன் நான். "ரெண்டே வருஷம், அப்புறம் ஊருக்குப் போயிடலாம்" என்று மனைவி மங்கையிடம் சொன்னேன். இருபத்தைந்து வருஷமாக அதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன். டாக்குரியாவில் ரயில்வே ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இரண்டாம் மாடியில் வாடகை வீடு. பிள்ளைகள் இல்லை. அதனால் பாளையங்கோட்டையிலிருந்து என் அக்கா மகள் கயல், "மாமா, நானும் என் ஃப்ரண்டும் கல்கத்தா பாக்க வாரோம், மூணு நாள்" என்று போன் செய்தபோது, மங்கை மெத்தை உறையெல்லாம் மாற்றிவிட்டாள். நான் மூன்று நாளைக்கான ஜோக்குகளைத் தயார் செய்தேன்.

தோழியின் பெயர் எஸ்தர். ஒல்லியான பெண். அதிகம் பேச மாட்டாள். நான் ஒரு ஜோக் சொன்னால் கயல் உடனே சிரிப்பாள். எஸ்தர் ஒரு நிமிஷம் கழித்துச் சிரிப்பாள், அதுவும் எனக்கு மனசு நோகக் கூடாதே என்று. அவள் வந்ததில் ஊர் சுற்றுவதைத் தவிர வேறொரு காரியமும் இருந்தது. வந்த அன்றே கயல் அடுப்படியில் வைத்து மங்கையிடம் சொல்லிவிட்டாள். எஸ்தருக்கு இங்கே மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. மண்ணையும் பாறையையும் படிக்கிற படிப்பு. அவள் அப்பா சம்மதிக்கவில்லை. "முதல்ல ஊரைப் பாத்துட்டு வா, நீ போய்ட்டு வார விதத்தைப் பாத்துட்டுச் சொல்லுதேன்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். அதாவது, இந்த மூன்று நாள்தான் பரீட்சை. அதில் கேள்வித்தாள் நான்.

அவர் எனக்கும் போன் செய்திருந்தார். "சார், நான் செல்லத்துரை, எஸ்தர் அப்பா. முப்பது வருசம் பஸ்ஸுல கண்டக்டர். ஏறுன ஆளு எறங்குத வரைக்கும் எனக்குக் கண்ணு அவங்க மேலதான். தினம் அஞ்சு மணிக்கு வீடியோல வருவேன். பிள்ளை மொகமும் தெரியணும், உங்க மொகமும் தெரியணும். ஒருநாள் தப்புச்சுன்னாலும் அன்னைக்கே ரயிலேத்தி விட்டுருங்க. அதோட கல்கத்தாவும் இல்ல, காலேசும் இல்ல."

"அண்ணாச்சி, என் மொகத்தை தினம் பாத்தா உங்களுக்குத்தான் கஷ்டம்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை.

முதல் நாள் விக்டோரியா மண்டபத்தில் நான் ஒரு வேலை செய்தேன். இப்போது நினைத்தால் என்னை நானே உதைக்கலாம் போலிருக்கிறது. பெண்கள் இருவரும் படம் எடுத்துக்கொண்டிருந்த சமயம் ஒரு தூணுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன். பத்து நிமிஷம். எஸ்தருக்கு முகம் வெளுத்துவிட்டது. கயல் மட்டும், "விடு புள்ள, எங்க மாமா அப்படித்தான், எங்கயாவது நின்னு சிரிச்சிட்டு இருப்பாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். இரண்டாம் நாள் தட்சிணேஸ்வரம், படகில் பேலூர் மடம். இரண்டு நாளும் சரியாக ஐந்து மணிக்கு எஸ்தரின் போன் அடித்தது. நான் பக்கத்தில் போய்த் தலையை நீட்டுவேன். செல்லத்துரை அண்ணாச்சி பஸ்ஸில் பாஸ் பார்க்கிற மாதிரி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி சார்" என்று வைத்துவிடுவார்.

மூன்றாம் நாள் மியூசியம். அங்கே ஒரு மம்மி உண்டு. "எங்க ஆபீஸ் சூப்பிரண்டு, லீவுல இருக்காரு" என்று அறிமுகம் செய்துவைத்தேன். கயல் அதோடு அறுபது படம் எடுத்து போன் சார்ஜைத் தீர்த்துவிட்டாள். மெட்ரோவில் காளிகாட் ஸ்டேஷனில் இறங்கி மேலே வந்தால் ராஷ்பிஹாரி முக்கு. அங்கிருந்து கரியாஹாட்டுக்கு ஆட்டோ.

கல்கத்தா ஆட்டோ நம் ஊர் ஆட்டோ இல்லை. அது ஒரு குட்டி பஸ். இந்த முக்கிலிருந்து அந்த முக்கு என்று வழி போட்டு ஓடும். பின்னால் மூன்று பேர், முன்னால் டிரைவருக்குப் பக்கத்தில் ஒருவர். ஏறுவதற்கு வரிசை. அந்த வரிசையை இந்த ஊர்க்காரர்கள் சாமி மாதிரி மதிப்பார்கள். வேறு எந்த வரிசையிலும் முண்டியடிக்கிற பெரிய மனிதர்கள்கூட ஆட்டோ வரிசையில் வாய் திறக்காமல் நிற்பார்கள். விட்டு வெளியே போனால் இடம் போச்சு. அதற்கு அப்பீல் கிடையாது. இது இருபத்தைந்து வருஷமாக எனக்குத் தெரியும். தெரிந்தும், பத்தடி தள்ளி ஜால்முரிக்காரர் கடுகெண்ணெயை விட்டு டப்பாவில் குலுக்குகிற சத்தம் கேட்டதும், "நில்லுங்க, ஒரு நிமிஷம்" என்று போய்விட்டேன்.

மூன்று பொட்டலத்தோடு திரும்பினால் வரிசை நகர்ந்துவிட்டது. ஒரு வயதான அம்மா, கயல், எஸ்தர், மூவரும் பின் சீட்டில். முன் சீட் காலி. நான் பாய்ந்தேன். வரிசையில் நின்ற ஒருவர் கையை நீட்டித் தடுத்தார். "லைனே ஆஷுன், தாதா." வரிசையில் வாருங்கள் அண்ணா என்று மரியாதையாகத்தான் சொன்னார், ஆனால் கை இரும்புத் தடுப்பு மாதிரி இருந்தது. நான் கயலைப் பார்த்துக் கத்தினேன்: "போங்க! கரியாஹாட்டுல எறங்கி அங்கேயே நில்லுங்க! நான் அடுத்ததுல வாரேன்!" தெருச் சத்தத்தில் அவளுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. அதற்குள் யாரோ ஒரு ஆள் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். முதுகும் பின்மண்டையும் மட்டும் தெரிந்தது. பின்மண்டையில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வழுக்கை. எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, 'பாவம், இவருக்கு இது இருப்பதே தெரிந்திருக்காது' என்று மனதுக்குள் ஒரு சிரிப்புக்கூடச் சிரித்தேன்.

ஆட்டோ போய்விட்டது. அடுத்த ஆட்டோ வரப் பத்து நிமிஷம். அது ஏதோ ஊர்வலத்தில் மாட்டிப் பதினைந்து நிமிஷம் நின்றது. நான் கரியாஹாட்டில் இறங்கியபோது நாலரை.

பெண்கள் இல்லை.

முதல் ஐந்து நிமிஷம் நான் ரொம்ப நிதானமாக இருந்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசை. இல்லை. இறங்கிய அரை நிமிஷத்தில் நின்ற இடத்திலேயே மூன்று சுற்று சுற்றினேன். கயலுக்குப் போன் போட்டேன். ஸ்விட்ச் ஆஃப். மம்மியைத் திட்டினேன். எஸ்தருக்குப் போடலாம் என்றால், மூன்று நாளாக வீட்டில் இருக்கிற பெண்ணின் நம்பர் என்னிடம் இல்லை. அது கிடைக்க வேண்டுமென்றால் உலகத்தில் ஒரே ஒருவரிடம் கேட்க வேண்டும். அவர் பெயர் செல்லத்துரை. "அண்ணாச்சி, உங்க மகளைக் காணோம், நம்பர் கொஞ்சம் தர முடியுமா?" என்று ஒருமுறை வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தேன். நன்றாக இல்லை. மங்கையிடம் கேட்கலாம் என்றால் அவளிடமும் இருக்காது. ஆனால் விஷயம் தெரிந்துவிடும். அதைவிடப் போலீஸ் மேல்.

கரியாஹாட் பாதையோரம் தெரியுமா, நம் ரங்கநாதன் தெருவுக்கு அக்கா. சேலை, பொட்டு, பை, பாத்திரம் என்று இரண்டு பக்கமும் கடை, நடுவில் மனிதர்கள் திரவம் மாதிரி ஓடுவார்கள். அதில் நான் எதிர்த் திசையில் ஓடினேன். எந்த ஒல்லியான பெண்ணைப் பார்த்தாலும் முன்னால் போய்க் குனிந்து முகத்தைப் பார்த்தேன். இரண்டு இடத்தில் திட்டு வாங்கினேன். ஒரு டிராஃபிக் போலீஸ்காரரிடம் போய் நின்றதும், இருபத்தைந்து வருஷத்தில் சேர்த்த பெங்காலி மொத்தமும் என்னை விட்டுப் போய்விட்டது. "இரண்டு பெண்... சின்ன பெண்... என் பெண் இல்லை, அக்கா பெண்... இன்னொன்று கண்டக்டர் பெண்" என்று தமிழும் ஹிந்தியும் கலந்து சொன்னேன். அவர் என் கையிலிருந்த ஜால்முரிப் பொட்டலங்களைப் பார்த்தார். கசக்கிக் கசக்கி எண்ணெய் முழங்கை வரைக்கும் வழிந்திருந்தது. "தண்ணீர் குடியுங்கள், தாதா" என்று மட்டும் சொன்னார்.

ஹேர்பின், கிளிப் விற்கிற ஒரு கடைக்காரரிடம் கேட்டேன். இரண்டு பெண்கள், ஒருத்தி நீலச் சுடிதார், ஒருத்தி ஜீன்ஸ், பார்த்தீர்களா?

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஆரே தாதா, ஆப்னி தோ எக்குனி நியே கேலேன்!"

'நீங்கதானே இப்பக் கூட்டிட்டுப் போனீங்க.' சொல்லிவிட்டு, பச்சைக் கிளிப் வேண்டாம் என்று நான் மாற்றி வாங்கியதையும் நினைவுபடுத்தினார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. ஒரு மனிதன் செத்துக்கொண்டிருக்கிறான், இவருக்கு விளையாட்டு. எனக்கு இன்னொருவர் விளையாட்டின் மேல் கோபம் வந்தது, என் நினைவு தெரிந்து, அதுதான் முதல் தடவை.

மணி ஐந்து ஆயிற்று. நான் ஒரு மேம்பாலத் தூணில் சாய்ந்து நின்றேன். இப்போது எஸ்தரின் போன் எங்கேயோ அடிக்கும். அதில் என் முகம் இருக்காது. அடுத்த நிமிஷம் என் போன் அடிக்கும். அதோடு அந்தப் பெண்ணின் படிப்பு முடிந்தது. அதுவும் அவள் உயிரோடு இருந்தால். ஐந்து ஐந்து. ஐந்து பத்து. போன் அடிக்கவே இல்லை. அடிக்காத போன் இவ்வளவு பயங்கரமானது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. ஐந்தேகாலுக்கு வீட்டைப் பார்த்து நடந்தேன். கோல்பார்க் தாண்டி, டாக்குரியா பாலம் ஏறும்போது, அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை. மூன்றாவது ஒத்திகையில் நானே சத்தம் போட்டு அழுதுவிட்டேன். எதிரே வந்த ஒரு தம்பதி எனக்கு வழி விட்டார்கள்.

வீட்டுக் கதவு திறந்திருந்தது. உள்ளே சிரிப்புச் சத்தம். கயலும் எஸ்தரும் தரையில் உட்கார்ந்து மங்கை சுட்ட வாழைக்காய் பஜ்ஜியைத் தின்றுகொண்டிருந்தார்கள். புதுக் கிளிப் இரண்டு பேர் தலையிலும்.

மங்கை என் கையைப் பார்த்தாள். "பால் எங்க?"

"என்ன பால்?"

"பால் வாங்கிட்டு வாரேன்னு கேட்டுலயே பிள்ளைகளை விட்டுட்டுப் போனீங்களே. நான் பால்கனியில நின்னு பாத்தேனே. இது என்ன, ஊசிப்போன பொரியா?"

நான் கயலைப் பார்த்து, "எங்கடீ போனீங்க? ஒரு மணி நேரமா நாய் மாதிரி தேடிட்டு வாரேன்!" என்று கத்தினேன்.

கயல் கை தட்டினாள். "சூப்பர் மாமா! கண்ணுல தண்ணியெல்லாம் நிக்குது. எஸ்தர், பாத்தியா? இதுதான் எங்க மாமா. நாள் பூரா நல்ல பிள்ளையா இருந்தாரேன்னு நெனச்சேன்."

இதுதான் என் தலையெழுத்து. வாழ்நாள் முழுக்க விளையாடியவன் ஒருநாள் நிஜமாகப் பதறினால், அதற்கும் கைதட்டல்தான் விழும்.

கொஞ்சம் கொஞ்சமாக, விளையாட்டு போலவே கேட்டுத் தெரிந்துகொண்டேன். வரிசையில் நின்றவர் என்னைத் தடுத்தாராம், நான் சிரித்துச் சமாளித்து முன் சீட்டில் ஏறிவிட்டேனாம். வழியெல்லாம் டிரைவரோடு பெங்காலியில் பேசினேனாம். "உங்களுக்கு இவ்வளவு அழகா வரும்னு சொல்லவே இல்லியே மாமா!" கரியாஹாட்டில் கிளிப் வாங்கிக் கொடுத்தேன். பச்சை எஸ்தருக்கு எடுக்காது என்று நீலம் மாற்றினேன். அப்புறம் ஏரிக்கரைக்குக் கூட்டிப் போனேன். ஐந்து மணிக்கு எஸ்தரின் அப்பா வந்ததும், போனை வாங்கிக்கொண்டு தூரத்தில் இன்னொரு பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்து பத்து நிமிஷம் பேசினேன். திரும்பி வந்து, "அப்பா சரின்னுட்டாரு" என்றேன்.

அப்போது எஸ்தர் சொன்னாள்: "பாறையில அப்படி என்ன இருக்குன்னு கேட்டீங்களே மாமா. நான் அரைமணி நேரம் சொன்னேன். நடுவுல நீங்க ஒரு ஜோக்குகூடச் சொல்லல." அவள் சிரித்தாள், உடனே சிரித்தாள். "யாருமே அதைக் கேட்டதில்ல."

நானும் கேட்டதில்லை. மூன்று நாளில் ஒருமுறைகூட.

சரி, ஏதோ ஏமாற்றுக்காரன், என்னைப் போலவே இருக்கிற ஆள் என்றுதான் என் புத்தி முதலில் போனது. எஸ்தரின் போனில் படம் இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது. ஏரி, துடுப்புப் படகு, மரத்தடியில் கயலும் எஸ்தரும். "நான் ஒண்ணுலகூட இல்லையே?" என்றேன். "எடுத்ததே நீங்கதானே மாமா, நீங்க எப்படி அதுல இருப்பீங்க?" என்றாள் கயல். படங்கள் எல்லாம் நேராக, அழகாக இருந்தன. நான் எடுத்தால் எப்போதும் யாருக்காவது தலை இருக்காது. அந்த ஆள் என்னைவிட நன்றாகப் படம் எடுக்கிறான், என்னைவிட நன்றாகப் பெங்காலி பேசுகிறான், எந்தப் பெண்ணுக்கு எந்த நிறம் எடுக்கும் என்று தெரிந்து வைத்திருக்கிறான். பயத்துக்கு நடுவில் எனக்குக் கொஞ்சம் பொறாமையும் வந்தது, பொய் சொல்வானேன். பாத்ரூமுக்குப் போய்க் கண்ணாடிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மங்கையின் கைக்கண்ணாடியை முகத்துக்கு நேராகப் பிடித்துப் பின்மண்டையைப் பார்த்தேன். ஒரு ரூபாய் நாணயம் அளவு.

கைக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு தடவை பார்த்தேன்.

ஏழு மணிக்கு என் போன் அடித்தது. செல்லத்துரை அண்ணாச்சி.

"சார், எங்க வீட்டுலயும் பேசிட்டேன். பிள்ளையை அங்கேயே சேத்துருவோம். நீங்க சொன்ன அந்த ஒரு சொல்லை நம்பித்தான் விடுதேன். அதை மட்டும் காப்பாத்திருங்க."

இப்போது நான் ஒரு வரி சொன்னால் போதும்: 'அண்ணாச்சி, அது நானில்லை.' அதுதான் உண்மை. ஏறின ஆள் மேல் வைத்த கண்ணை எடுக்காத ஒரு மனிதரிடம், உங்கள் மகள் ஒரு சாயங்காலம் முழுக்க யாரென்றே தெரியாத ஒருவனோடு சுற்றினாள் என்று சொல்ல வேண்டும். சொன்னால் இன்றைக்கு ராத்திரியே ரயில். அதோடு அவள் இந்தப் பக்கம் வரமாட்டாள். எஸ்தர் அடுப்படி வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் கரண்டி. அதிலிருந்து எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது, அது அவளுக்குத் தெரியவில்லை.

"ஆமா அண்ணாச்சி," என்றேன். "நான் சொன்னதுதான். சொன்னா சொன்னதுதான்."

என்ன சொன்னேன் என்று எப்படியாவது தெரிந்துகொள்ள வேண்டுமே. "நான் சொன்னதை நீங்க ஒருதடவை சொல்லுங்க பாப்போம், சரியா வாங்கிக்கிட்டீங்களான்னு" என்று இழுத்துப் பார்த்தேன்.

அந்த மனிதர் முதல் தடவையாகச் சிரித்தார். "கண்டக்டர்கிட்டயே டிக்கெட் கேக்கீங்களா சார்?" என்று வைத்துவிட்டார்.

ஆக, பார்க்காத பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

எஸ்தர் அந்த மாதமே வந்து சேர்ந்தாள். ஹாஸ்டல் வாசம், ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் தோசை. காய்ச்சல் என்றால் மங்கை ரசத்தோடு போவாள். பரீட்சை என்றால் நான் வாசலில் நிற்பேன். ஒருதடவை பாறை பார்க்க அவர்களை எங்கோ மலைக்குக் கூட்டிப் போயிருந்தார்கள். திரும்ப வேண்டிய ரயில் மூன்று மணி நேரம் தாமதம். சாந்த்ராகாச்சி பிளாட்ஃபாரத்தில் நான் நடந்த நடையில் ஸ்டேஷன் மாஸ்டரே வெளியே வந்து, உங்கள் வீட்டில் பிரசவமா என்று கேட்டார். அந்தச் சொல் என்னவென்று தெரியாததால், எதையும் விட்டுவைக்காமல் எல்லாவற்றையும் செய்தேன். நடுவில் பாறையைப் பற்றியும் கேட்டேன். கொஞ்சம் புரிகிறது. நம்பினால் நம்புங்கள், ஜோக் சொல்லாமல் இருபது நிமிஷம் வரை இப்போது என்னால் தாக்குப்பிடிக்க முடியும்.

இரண்டு வருஷம் ஓடியது. படிப்பு முடிந்து அவளுக்கு ஒரு வேலையும் அமைந்தது. போன மாதம் செல்லத்துரை அண்ணாச்சி முதல் தடவையாகக் கல்கத்தா வந்தார். ஸ்டேஷனில் இறங்கியதும் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டீங்க சார்."

எந்தச் சொல்லை, எப்படிக் காப்பாற்றினேன் என்று தெரியாமல், "எல்லாம் கடமைதான் அண்ணாச்சி" என்றேன்.

வீட்டுக்கு வந்து காப்பி குடித்த பிறகு பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். இரண்டு சட்டை. ஒரே துணி, ஒரே அளவு. "ஒண்ணு உங்களுக்கு. ஒண்ணு உங்க தம்பிக்கு."

மங்கை சிரித்தாள். "இவுகளுக்கு ஏது அண்ணாச்சி தம்பி? கூடப் பொறந்தது மூணும் அக்காதான்."

"வெளையாடாதீங்கம்மா. நான்தான் வீடியோல பாத்தேனே. சார் பெஞ்சுல உக்காந்து அமைதியாப் பேசிட்டு இருக்காக. பின்னால அந்தத் தம்பி அங்கிட்டும் இங்கிட்டும் ஓடுதாரு. வேர்த்து ஊத்துது. போற வாற பிள்ளைக மொகத்தையெல்லாம் குனிஞ்சு குனிஞ்சு பாக்காரு. அச்சு அசலா சார் மாதிரியே." என் பக்கம் திரும்பினார். "யாரு சார் அதுன்னு நான் கேட்டேன்லா?"

கரியாஹாட்டுக்கும் ஏரிக்கரைக்கும் நடுவே நடந்தால் கால்மணி நேரத் தூரம். ஐந்து மணிக்கு நான் மேம்பாலத் தூணில் சாய்ந்து கிடந்தேன். அந்தப் பக்கமே நான் போகவில்லை. "நான்... என்ன சொன்னேன் அண்ணாச்சி?"

"'அவன் கொஞ்சம் பயந்த சுபாவம், வாய் ஜாஸ்தி, ஆனா பாசக்காரன். உங்க மகளை அவன் பாத்துக்கிடுவான், நான் சொல்லுதேன்'னீங்க. நீங்க பேசுனது பெருசில்ல சார், கோவிச்சுக்கிடாதீங்க. நல்லாப் பேசுத ஆளு நாலு பேரைப் பாத்திருக்கேன். அந்தத் தம்பி தேடுன தேட்டம் இருக்கே, அதைப் பாத்துத்தான் என் மனசு எறங்கிச்சு. அவரு எங்க சார்? பாத்துக் கும்பிட்டுட்டுப் போகணும்."

எஸ்தர் என்னைப் பார்த்தாள். கைதட்டல் எதுவும் வரவில்லை. அன்றைக்கு நான் வாசலில் நின்று கத்தியதை அவள் இப்போதுதான் கேட்கிறாள் என்று தோன்றியது.

"வெளியூர் போயிருக்கான் அண்ணாச்சி," என்றேன். "நான் சொல்லிடுறேன்."

இரண்டில் ஒரு சட்டையை நான் போட்டுக்கொண்டிருக்கிறேன். தம்பிக்கு என்று எடுத்ததைத்தான். எது அது என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். மற்றது அலமாரியில் உறை பிரிக்காமல் இருக்கிறது. ஆபீஸ் போகும்போது அலமாரியைப் பூட்டுவதில்லை. முன் சீட்டில் ஏறிய அவருக்கு நான் கடன்பட்டவன், ஒரு மரியாதை வேண்டும் அல்லவா. ஆனால் சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும், செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் வாசலிலேயே நின்று மங்கையிடம் ஒன்று கேட்பது வழக்கமாகிவிட்டது:

"நான் எப்ப வந்தேன்?"

"இப்பதான்" என்று சொல்லி அவள் சிரிக்கிறாள். அந்தப் பதில் வருகிற வரைக்கும் நான் உள்ளே காலை வைப்பதில்லை.